இலை போட்ட அறைக்குள் கேமரா

எடிட்டிங் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சென்னை வெயிலையும் தயாரிப்பாளர்களையும் விட்டுவிட்டு, புதுக்கோட்டைப் பக்கத்தில் என் சொந்த ஊரான ஆவூருக்கே வந்துவிட்டேன். மாதா கோயில் மணி அடித்தால் எழுகிறேன், கரண்ட் போனால் தூங்குகிறேன். வாழ்நாளில் பாதியை இருட்டு அறையில் கழித்தவளுக்கு இந்த ஊர் வெளிச்சம் இன்னும் கண்ணைக் கூச வைக்கிறது. பழகிவிடும் என்கிறார்கள், பார்ப்போம்.

நீங்கள் சேர்ந்து எழுதியிருந்த கேள்விக்கு வருகிறேன். நாவலைப் படமாக்கும்போது எடிட்டர் எதற்கு உண்மையாக இருக்க வேண்டும், நாவலுக்கா படத்துக்கா? போனில் கேட்டிருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்திருப்பேன். தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு "நாவல் மாதிரி இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாவல் மாதிரியே வேண்டுமென்றால் வீட்டில் படுத்துக்கொண்டு நாவலையே படிக்க வேண்டியதுதானே? "நாவலை நான் படிக்கவே இல்லை, கதைச் சுருக்கம் போதும்" என்று பெருமையடிக்கும் இயக்குநர்களைக் கண்டாலும் பற்றிக்கொண்டுதான் வரும். ஆக, எனக்கு எப்போதும் பற்றிக்கொண்டேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் பிலிம் காலத்து மனிதர். நாவலைப் படமாக எடுத்திருந்தால் அந்த நாவலைக் கையால் தொடமாட்டார். "படிச்சியானா, எடுக்காத ஷாட்டை எல்லாம் தேடிக்கிட்டு உக்காந்திருப்ப. கையில இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது" என்பார். ஒரு தடவை நான் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு, "சார், நாவல்ல இந்த இடத்துல மழை பெய்யும்" என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். "அப்படியா? போயி நனைஞ்சுட்டு வா" என்று வெளியே அனுப்பிவிட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு டீ வாங்கும் வேலைதான். அதற்கப்புறம் அவர் சொன்னதை ஏறக்குறைய கடைசிவரை காப்பாற்றினேன், ஒரே ஒரு படத்தைத் தவிர. அது ஒரு பேய்ப்படம்.

அந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதியவர் எங்கள் மாவட்டத்துக்காரர், அதனால்தான் கை நிற்கவில்லை. நாவலின் பெயர் 'ஆறிய சோறு'. படத்துக்கு வைத்த பெயரை நான் சொல்லப்போவதில்லை. அதில் ரத்தம் என்ற சொல் இருந்தது, அதுவே உங்களுக்குப் போதும்.

நாவலின் கதை சின்னதுதான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவனின் மனைவி ஊரில் திடீரென்று இறந்துபோகிறாள். அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வருஷா வருஷம் அவளுடைய திவசத்துக்கு அவளுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, அவள் இருந்த அறையில் இலை போட்டுப் படைக்கிறான். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. படைத்த பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். போனவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டி, திறக்கப் போகிறோம் என்று தெரிவித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாவலில் ஒரு வருஷம் அப்படித் திறந்து பார்த்தால், இலையில் வைத்த சோற்றில் ஒரு பகுதி குறைந்திருக்கிறது.

வீடே நடுங்குகிறது. அறையைப் பூட்டிவிடலாம், பூசாரியைக் கூப்பிடலாம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். புருஷனுக்கு மட்டும் வேறொரு பயம். இவ்வளவு பேர் பயந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு அடுத்த வருஷம் அவள் வராமல் போய்விடுவாளோ என்று. நாவலின் பின்பாதி முழுக்க அந்தக் கதவுக்கு வெளியேதான் நடக்கிறது. அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. படத்தின் திரைக்கதையிலோ அவள் வந்துவிடுவாளோ என்பதுதான் பயம். வந்து, சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறாள். அவள் ஏன் பழிவாங்க வேண்டும் என்று இயக்குநரிடம் நான் கேட்டதற்கு, "பேயாச்சே அக்கா" என்று பதில் வந்தது.

படப்பிடிப்பு திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், நாவலாசிரியரின் பூர்வீக வீட்டிலேயே நடந்தது. எடிட்டர்கள் படப்பிடிப்புக்குப் போகும் வழக்கம் இல்லை. நான் ஊருக்கு வந்திருந்த சமயம் என்பதால் காரைக்குடி பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். நாவலாசிரியரை வள்ளியப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதை நெருங்கியவர், வியாபாரக் குடும்பம், பினாங்கில் ரொம்ப காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இருப்பது புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில். இந்தப் பெரிய வீட்டைத் திவசத்துக்குத்தான் திறப்பார்.

நான் போனபோது அவர் ஆர்ட் டைரக்டரின் உதவியாளிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். இலையின் நுனி வலப்பக்கம் வரும்படி போட்டிருந்தார்கள்.

"தம்பி, நுனி எடப்பக்கம் வரணும். சாப்பிட வாரவளுக்கு எது எடம் எது வலமுன்னு தெரியாதா?"

அவன் தெர்மோகோலில் சோறும் மெழுகில் பலகாரமும் செய்து கொண்டுவந்திருந்தான். அதையும் அவர் ஏற்கவில்லை. "அந்த அறையில பொய்ச்சோறு வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சமையலுக்கு ஆள் வைத்து வெண்டைக்காய் மண்டி, வாழைக்காய்ப் பொரியல், உளுந்தும் கருப்பட்டியும் நெய்யுமாகக் கிண்டிய கும்மாயம் என்று எல்லாம் செய்ய வைத்திருந்தார். வீடே மணத்தது. நான் ஆவூர் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது.

"நம்ம பக்கமா நீங்க! வாங்கம்மா, இங்கிட்டு நிழலுக்கு வாங்க. நாவலைப் படிச்சீங்களா?"

"படிச்சேண்ணே. அழுதேன்."

"பேய்க்கதைக்கு அழுதீங்களா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "அது கதையில்லம்மா. சோறு கொறஞ்சது மட்டுந்தான் கதை. மிச்சம் எல்லாம் எங்க வீடுதான்."

அவர் மனைவி பெயர் சிவகாமி. அவர் பினாங்கில் இருந்தபோது இங்கே இறந்துபோனவர். "தகவல் வந்து, டிக்கெட் கெடைச்சு வந்து சேருறதுக்குள்ள எடுத்துட்டாங்க. கடைசியா நான் பாத்தது ஏர்போர்ட்டுல பாத்த மொகந்தான். அதை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்றார்.

போட்டோ இல்லையா என்று கேட்டேன். எடிட்டர் புத்தி.

"இருக்கு. போட்டோவுல அவ அவளா இருக்க மாட்டா. கேமராவைக் கண்டா வெறைச்சுக்குவா. வருசத்துக்கு ஒரு நாளு அந்தக் கதவைச் சாத்திட்டு வெளிய நிக்கிறேன் பாருங்க, அப்பத்தான் அவ மொகம் எனக்குச் சரியா வருது. மத்த நாள்ல வாரதில்ல. வயசாகுதுல்ல, மறக்குது."

அப்படியென்றால் இந்தக் கூட்டத்துக்கு ஏன் வீட்டைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் முற்றத்தைக் கையால் காட்டினார். சாயங்காலம் கதாநாயகி விளக்கோடு முற்றத்தைக் கடந்து வரும் காட்சி படத்தில் இருந்தது. அதற்காகத் தன் மனைவியின் அரக்குக் கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கொடுத்திருந்தார். "யாராச்சும் ஒருத்தி அதைக் கட்டிக்கிட்டு நடந்தா ஒரு தடவை பாக்கலாமேன்னுதான்" என்றார். இதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

இயக்குநர் இளைஞர், கெட்டிக்காரர். வள்ளியப்பன் அண்ணன் அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், நான் பக்கத்தில் இருந்தேன். "அந்த அறைக்குள்ள மட்டும் கேமரா வேணாம் தம்பி. கதவைச் சாத்தினதும் வெளிய வந்துருங்க. உள்ள என்ன நடக்குதுன்னு எங்க வீட்டுல யாரும் பாத்தது இல்ல. நானும் பாத்தது இல்ல."

"நாவல்ல இருக்கிற மாதிரியேதான் ஐயா" என்றார் இயக்குநர்.

சென்னைக்கு வந்து ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால், அறைக்குள் எடுத்த காட்சிகள் வரிசையாக இருக்கின்றன. அண்ணன் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு எடுத்திருக்கிறார்கள். அதே கண்டாங்கிச் சேலையில், தலைமுடி முன்னால் விழ, கோரைப்பல் வைத்த கதாநாயகி இலையின் முன்னால் தவழ்ந்து வந்து சோற்றை அள்ளி வாயில் அடைக்கிறாள். உறுமுகிறாள். கேமராவைப் பார்த்துக் கத்துகிறாள். பேய்ப்படம் வெட்டுகிறவர்கள் சாதாரணமாக எதற்கும் அசைய மாட்டோம், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுக்கும் காட்சியை வெட்டுவோம். அன்றைக்கு நான் பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்தேன், கோபத்தில்.

இயக்குநரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. "அக்கா, நாவல் படிக்கிறவன் கதவுக்கு வெளியே நிப்பான். டிக்கெட் வாங்கினவன் நிப்பானா? உள்ள என்னன்னு காட்டலைன்னா சீட்டைக் கிழிச்சிட்டுப் போயிடுவான்" என்றார்.

கோபத்தோடு கோபமாக, உள்ளே எடுத்த எதையும் தொடாமல், வெளியே நிற்கும் புருஷனை மட்டும் வைத்துக் காட்சியை வெட்டினேன். நாவலுக்கு அச்சு அசலாக உண்மையான வெட்டு. அதைக் கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேருக்குப் போட்டுக் காட்டினோம். கதவு சாத்தியது. புருஷன் நின்றான். இன்னும் நின்றான். இருட்டில் ஒவ்வொரு போனாக வெளிச்சம் வர ஆரம்பித்தது. ஒருவன் கொட்டாவி விட்ட சத்தம் எனக்கே கேட்டது. நாவலில் அந்த மனிதன் கதவுக்கு வெளியே நிற்கும்போது அவன் மனசுக்குள் ஒரு கல்யாணம், ஒரு கோபதாபம், ஒரு கப்பல் பயணம் எல்லாம் ஓடும். படத்தில் நமக்குத் தெரிவது ஒரு நடிகரும் ஒரு மரக்கதவும். இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோனது, அதனால் கோபம் இன்னும் கூடியது.

உறுமல் உள்ள வெட்டையும் போட்டோம். பிள்ளைகள் அலறினார்கள், அப்புறம் அலறியதற்காகச் சிரித்தார்கள். தயாரிப்பாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதுதான் படம், நாளைக்கே முடித்துக் கொடுங்கள் என்றார்.

அந்த வாரம் வள்ளியப்பன் அண்ணன் போன் செய்தார்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? படத்தை முன்கூட்டியே புதுக்கோட்டையிலயே எங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுறதாச் சொல்லியிருக்காங்க. அதுக்கு அப்புறந்தான் அவ தெவசம் வருது. பாத்துட்டுப் போயி நின்னா நல்லா இருக்கும்னு தோணுது."

நான் சரிண்ணே, சரிண்ணே என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சேலையில் அந்தக் கோரைப்பல்லைப் பார்த்துவிட்டு அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்றால், கண்ணுக்குள் எது வரும்? வருஷத்தில் ஒரு நாள் வருகிற முகம். அதையும் நாம் தின்றுவிடப் போகிறோம். ஒரு படம் ஓடுவது ஓடாதது எல்லாம் எனக்குப் பழகியது. ஒரு மனிதனிடமிருந்து அவன் பெண்டாட்டியை இன்னொரு தடவை பிடுங்குவதற்கு நான் சம்பளம் வாங்கவில்லை.

இப்போது தொழிலுக்கு வருகிறேன், கவனியுங்கள். இரண்டு வெட்டும் ஆகாது என்றால் நாம் பெரும்பாலும் இரண்டையும் கலந்து ஒரு மூன்றாவதைச் செய்வோம். கொஞ்சம் உறுமல், கொஞ்சம் கதவு. அதைவிட மோசமான வேலை இல்லை. எதுவும் ஓடாதபோது நான் செய்வது, எடுத்த எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பது. "கட்" சொன்ன பிறகு இருப்பதையும் சேர்த்துத்தான். கட் சொன்னதும் எல்லாரும் மூச்சு விடுவார்கள், கேமராக்காரர் சில சமயம் அணைக்க மறந்துவிடுவார். அந்த மிச்சத்தில் யாரும் நடிக்க மாட்டார்கள்.

ஒரு மத்தியானம் அதில்தான் கிடைத்தது. உறுமல் முடிந்து இயக்குநர் கட் சொல்கிறார். விளக்குகளில் பாதி அணைகிறது. நடிகை இலைப் பக்கம் திரும்பிக் கோரைப்பல்லைக் கழற்றி அந்தப் பக்கம் வைக்கிறாள், பல் கேமராவுக்குத் தெரியவில்லை, அவள் முதுகுதான் தெரிகிறது. வெளிமாநிலப் பெண், காலையிலிருந்து அந்தப் பல்லை வைத்துக்கொண்டு பட்டினி. கலைத்துப் போட்ட இலையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருகிறாள். சிதறிய சோற்றை விரலால் ஒதுக்குகிறாள். இலையை நேராக்குகிறாள். ஒரு விள்ளல் கும்மாயத்தை எடுத்து வாயில் போட்டதும் அவள் தோள் இளகுகிறது. ரொம்ப நாள் வெளியூரில் இருந்துவிட்டு வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களின் தோள் அப்படி இளகும். நிதானமாக, ருசித்து, இரண்டு மூன்று வாய் சாப்பிடுகிறாள். அப்புறம் யாரோ கூப்பிட, கேமராப் பக்கம் திரும்பி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு தண்ணீர் கேட்கிறாள்.

நான் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நாவலில் இல்லாத காட்சி. திரைக்கதையிலும் இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் இப்படி நடந்தால் நன்றாக இருக்குமே என்று அந்த மனிதர் இத்தனை வருஷம் ஏங்கிய காட்சி.

உறுமலை எடுத்துவிட்டு, வெளியே நிற்கும் புருஷனின் ஷாட்டுகளுக்கு நடுவே இதை வைத்தேன். இயக்குநர் வந்து பார்த்தார். முடிந்ததும் "இன்னொரு தடவை போடுங்கக்கா" என்றார். மூன்றாவது தடவைக்கு அப்புறம், "எனக்கு மயிர்க்கூச்செறியுது. பயமா, என்னன்னு தெரியலை. எங்கம்மா இப்படித்தான் உக்காந்து சாப்பிடுவாங்க" என்றார். அவர் அம்மா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் உறுமலைப் பற்றி அவர் பேசவே இல்லை. தயாரிப்பாளரிடமும் அவரே சண்டை போட்டார். கடைசியில் உறுமலை வேறொரு காட்சிக்கு, வேறொரு அறைக்கு என்று மறுபடி எடுத்துச் சமாளித்தார்கள். அந்தச் சேலையில் இல்லை, அதுவரைக்கும் நிம்மதி.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது அந்தத் துண்டின் கடைசியில்தான். நடிகை திரும்பிச் சிரிக்கும் இடம் இருக்கிறதே, அழகென்றால் அப்படி ஓர் அழகு. பாதி வெளிச்சம் கன்னத்தில் விழுகிறது. கதாநாயகியின் முகம், அதுவும் அந்தப் படத்திலேயே அவள் அழகாக இருக்கும் ஒரே இடம். தண்ணீர் கேட்கும் சத்தத்தை எடுத்துவிட்டால் போதும். இயக்குநர் அதை வைத்தே தீர வேண்டும் என்றார். தயாரிப்பாளர் என்னை நேரில் வரச்சொல்லி, "ஹீரோயின் மொகம் இல்லாம என்னம்மா ஷாட்டு, முதுகைக் காட்டவா அவ்வளவு சம்பளம் குடுத்தேன்?" என்று கேட்டார்.

எனக்கும் அந்தச் சிரிப்பை விட மனசில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல ஷாட்டைக் கீழே போடுவது எடிட்டருக்கு வயிற்றெரிச்சல். தலை திரும்ப ஆரம்பித்து, காது தெரிந்து, கன்னம் தெரிவதற்கு முன்னால் வெட்டினேன். "முகம் தெரிஞ்சா அது ஒங்க ஹீரோயின். தெரியலைன்னா அவங்கவங்க வீட்டு ஆளு. தியேட்டருக்கு வாரவங்க எல்லார் வீட்டுலயும் ஒருத்தர் போயிருப்பாங்க சார்" என்றேன். அவர், போஸ்டரில் முகத்தைப் பெரிசாகப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார். அவர் வீட்டில் யார் போனார்கள் என்று நான் கேட்கவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு தியேட்டரில், காலைக் காட்சிக்கு முன்பாகப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வள்ளியப்பன் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாணத்துக்கு வருகிறவர் மாதிரி வந்திருந்தார். நான் அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன், முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை. முற்றத்தில் விளக்கு நடந்து வந்தபோது அவர் சாய்ந்து உட்கார்ந்தார். கதவு சாத்தியது. கேமரா உள்ளே போனதும் அவர் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். இலையை அவள் நேராக்கியபோது தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. ஒரு போன் வெளிச்சம் இல்லை. அவர் தோளும் அசையவில்லை.

படம் முடிந்ததும் இயக்குநர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "உள்ள போயிட்டீங்களே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் வெளியே போய் டவுன் பஸ் ஏறிவிட்டார்.

படம் வந்தது, ஓடியது. பேய் சாப்பிடுகிற காட்சியைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். நாவலைவிட அந்த இடம் நன்றாக இருக்கிறது என்றும், நாவலை அந்த இடம் கெடுத்துவிட்டது என்றும் இரண்டு பக்கமும் எழுதினார்கள். எனக்கு எதையும் படிக்கப் பிடிக்கவில்லை. அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. நானாகக் கூப்பிடவும் பயம்.

திவசத்துக்கு முந்தின நாள் கூப்பிட்டார். "நாளைக்கு வீட்டுக்கு வாங்கம்மா. வேற யாரும் இல்ல, சமையக்காரரும் நானும்தான்."

போனேன். சமையல் முடிந்திருந்தது. இலை போட்டு, நுனியைச் சரிபார்த்து, அவரே எல்லாவற்றையும் பரிமாறினார். விளக்கைத் தூண்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம். நான் கிறிஸ்தவச்சி. கல்லறைத் திருநாளுக்குப் போனால் என் வீட்டுக்காரர் கல்லறையில் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, காற்றில் அணைகிறதா என்றுகூடப் பார்க்காமல் திரும்பிவிடுவேன். நின்றால் தாங்காது என்று பயம். அந்தக் கதவுக்கு முன்னால் ஓடுவதற்கு வழியில்லை. நின்றேன். என் மனுஷன் வந்தார், சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்று சொல்லாமல் ஊறுகாயைத் தேடும் கையோடு. எத்தனையோ நாள் வராதவர். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை, அது அவருடைய மரியாதை.

ரொம்ப நேரம் கழித்து, கதவைப் பார்த்துக்கொண்டே அவர் பேசினார். "தியேட்டர்ல பாத்துட்டு எனக்கு ரொம்பக் கோவம். உள்ள போகாதீங்கன்னு சொன்னேன், போயிட்டாங்கன்னு. இன்னைக்கு வந்து நின்னா அந்தப் பொண்ணுதான் தெரியுமுன்னு பயந்துக்கிட்டே வந்தேன். ஒங்களைக் கூப்பிட்டதே அதுக்குத்தான். அவ வரலைன்னா ஒங்களைக் கேக்கணும்னு."

"வந்தாங்களாண்ணே?"

"வந்தா. உக்காந்து சாப்பிடுறா. முதுகு தெரியுது, தோளு தெரியுது. இத்தனை வருசமா சாப்பிட்டாளா இல்லையான்னு தெரியாமத்தான் நின்னேன், இன்னைக்குச் சாப்பிடுறா." பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஒண்ணு கேக்குறேன், நெசத்தைச் சொல்லுங்க. படத்துல திரும்பப் போற மாதிரி இருந்து நின்னுபோச்சு. எடுக்கையில அந்தப் பொண்ணு திரும்புச்சாம்மா?"

பாதி வெளிச்சத்தில் அந்தக் கன்னமும் வாய் நிறைந்த சிரிப்பும் எனக்குத் தெள்ளத் தெளிவாக ஞாபகம் வந்தன. வாழ்நாள் முழுக்க எத்தனையோ ஆயிரம் வெட்டு வெட்டியிருக்கிறேன், எல்லாமே மேசையில் உட்கார்ந்து, திரும்ப மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் வெட்டியவை. இதை மாற்ற முடியாது.

"இல்லண்ணே. திரும்பவே இல்ல" என்றேன்.

அவர் முகம் இளகியது. "திரும்ப மாட்டா. சாப்பிடுறப்போ யாரு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா" என்றார்.

பிறகு கதவுக்குப் பக்கத்தில் போய் விரலால் தட்டினார். "சிவகாமி, தொறக்கவா?"

கொஞ்ச நேரம் பதிலுக்காக நின்றார். நானும் நின்றேன்.